அப்பாவின் எடை என்ன?

திருவேங்கடம் என்ற பெயரைக் கேட்டவுடன் நேயர்களில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏழுமலையானைத் தியானிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் சொல்லப் போவது அந்தத் திருவேங்கடத்தைப் பற்றியல்ல. மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே கோவில்பட்டி, வடக்கே சிவகாசி என்று மூன்று பெரிய ஊர்களுக்கு நடுவே, கரிசல் பூமியில் அமைந்திருக்கும் சிறிய திருவேங்கடத்தைப் பற்றி. முன்னே திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்துகொண்டது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் விளைகின்ற மண். வானம் பார்த்த பூமி. ஆகையால் ஜனங்களும் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள்.

இந்தப் பிரதேசத்தில் எடை போடாத பொருள் எதுவுமில்லை. பருத்தி எடை போடப்படுகிறது. மிளகாய் வற்றல் எடை போடப்படுகிறது. கடையில் வாங்கும் கால் கிலோ துவரம்பருப்பில் பத்து கிராம் குறைந்தாலும் வீட்டு அம்மாள் விடமாட்டாள். ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் எழுபது வயதுத் தகப்பனாரின் எடை என்ன, ஆறு மாதத்துக்கு முன் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "வயசாச்சு, கொஞ்சம் இளைச்சிருக்காக" என்ற பதில்தான் கிடைக்கும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கேட்டாலும் இதே பதில்தான்; பேச்சு மட்டும் சற்று மாறியிருக்கும்.

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

வைத்தியம் முடிந்த பிறகு

புற்று நோய் என்றால் மரண ஓலை என்று நம் பாட்டனார் காலத்தில் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர்களில் முதலாவதாக நினைக்க வேண்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையிலும் அமர்ந்த அந்த அம்மையார், தம் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம் வீண் போகவில்லை. 1952-ல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளுடன் அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் காலமாகும் வரையில் அந்த ஸ்தாபனத்துக்கே தம்மை ஒப்படைத்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். இன்று காலத்தில் கண்டுபிடித்தால் பல வகைப் புற்று நோய்கள் குணமாகின்றன. நோயை வென்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் வென்ற பிறகு என்ன நடக்கிறது? சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஓர் இரவுப் பிரயாணம் செய்து சென்னை சென்று சிகிச்சை பெற்றவரும் சரி, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்று பெற்றவரும் சரி, ஒரு நாள் வீடு திரும்புகிறார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். உறவினர் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அதோடு வைத்தியம் முடிந்துவிட்டதென்று குடும்பம் நிம்மதி அடைகிறது.

டாக்டர்களோ அப்படி நினைப்பதில்லை. பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும் வரையில் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் வந்து காட்டச் சொல்லுகிறார்கள். நோயின் வகையைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறலாம். வரச் சொன்னவர்கள் எல்லாரும் வந்துவிடுவதில்லை. சென்னையில் 1982 முதல் நடந்து வரும் புற்று நோய்ப் பதிவேட்டை வைத்து ஆராய்ச்சி செய்தவர்கள், நோயாளர் என்ன ஆனார் என்று அறியக் கடிதம் எழுதியும் வீடு வீடாகத் தேடிச் சென்றும் விசாரிக்க வேண்டியிருந்தது. கூலி போய்விடும், துணைக்கு ஆள் இல்லை, பிரயாணச் செலவு என்று காரணங்கள் பல. ரயில் கட்டணத்தில் புற்று நோயாளருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் சலுகை உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

ஒழுங்காகச் சென்று காட்டுகிறவர்களை எடுத்துக்கொண்டாலும், டாக்டர் பார்ப்பது ஆண்டில் இரண்டு அல்லது நான்கு நாட்கள். மற்ற நாட்களெல்லாம் யார் பார்ப்பது? வீட்டார்தாம் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

"வயசாச்சு" என்னும் மந்திரம்

நம் வீடுகளில் இரண்டு மந்திரங்கள் உண்டு. ஒன்று, "வயசாச்சு". மற்றொன்று, "நோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்". எந்தக் கேள்வியையும் அடக்கிவிடும் சக்தி இவற்றுக்கு உண்டு. கேள்வி அடங்கிவிடுகிறது, கோளாறு அடங்குவதில்லை.

சில உதாரணங்களைக் கேளுங்கள். இரைப்பையில் புற்று வந்து அதை முழுவதும் எடுத்துவிட்ட ஒருவருக்கு, உணவிலுள்ள பி-12 என்னும் வைட்டமினைக் கிரகித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடுகிறது. ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சோகை பிடிக்கும், ஞாபகம் தவறும். "வயசாச்சு" என்கிறார்கள். ஆயுள் முழுவதும் அவர் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி நின்று போனதை ஒருவரும் கவனிப்பதில்லை.

தொண்டையிலோ கழுத்திலோ கதிர் வைத்தியம் செய்துகொண்டவருக்குச் சில ஆண்டுகளில் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிடுவதுண்டு. சோம்பல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடம்பு ஊதுதல் ஆகியவை அதன் குறிகள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினம் ஒரு சிறு மாத்திரையில் சரியாகிவிடும். "நோய் வந்த உடம்பு" என்று விட்டுவிட்டால் அந்த மாத்திரை வீடு வந்து சேராது.

மார்பில் புற்று வந்து மீண்ட ஸ்திரீகள் சிலருக்கு நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, எலும்பின் உரத்தைக் குறைக்கக் கூடியது. முதுகு வலியை வீட்டு வேலையின் களைப்பென்று தைலம் தடவிக்கொண்டிருப்பார்கள். எலும்பு மெலிந்ததால் வந்த வலியா, வேறு காரணமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன ஒவ்வொன்றும் கண்டுபிடித்தால் தீர்க்கவோ தணிக்கவோ கூடியது. இவற்றை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவதுதான் நாம் செய்யும் அநியாயம்.

தராசு சொல்லும் சேதி

எல்லாவற்றிலும் எளிய சாட்சி உடலின் எடை. மாதம் ஒரு நாள், ஒரே தராசில், காலை வேளையில், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையுடன் நிறுத்துக் குறித்து வையுங்கள். இளைக்க வேண்டுமென்று முயலாமலே ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால், அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாதென்பது உலகெங்கும் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. அறுபது கிலோ இருந்தவர் ஐம்பத்தேழுக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஐம்பத்துநாலு ஆகும் வரையில் காத்திருக்கக் கூடாது.

மூன்று கிலோ குறைவது கண்ணுக்குத் தெரியாது. தினம் பார்க்கும் முகத்தில் மாறுதல் புலப்படுவதில்லை. தீபாவளிக்கு வரும் மகன்தான் வாசலில் நின்று, "என்னம்மா, இப்படி இளைச்சுட்டீக!" என்று திடுக்கிடுகிறான். மோதிரம் நழுவுவதும், ரவிக்கை தொளதொளப்பதும், பல்செட் ஆடுவதும் அதற்கு முன்பே சொல்லியிருக்கும், கேட்பாரில்லை.

தராசும் சில சமயம் ஏமாற்றிவிடும். காலிலோ வயிற்றிலோ நீர் கோத்துக்கொண்டால் எடை குறையாதது போலத் தோன்றும். பருத்த சரீரம் உடையவருக்குக் கொழுப்பு அப்படியே இருக்கத் தசை மட்டும் கரைவதுண்டு. இதற்கு இரண்டு சிறு பரீட்சைகள் இருக்கின்றன.

முதலாவது, ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சொன்னது. உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளின் கட்டை விரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, கெண்டைக் காலின் பருத்த பாகத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையம் போதாவிட்டால் நல்லது. வளையத்துக்குள் கால் தளர்வாக அடங்கி இடைவெளி விழுந்தால், தசை குறைந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, நாற்காலிப் பரீட்சை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு. தள்ளாடுகிறவரைச் செய்யச் சொல்லும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

வாய்ப் புற்றிலிருந்து மீண்டவருக்கு இன்னொன்று. வாயைத் திறந்தால் தம்முடைய மூன்று விரல்களை நெடுக்காக வைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் இப்போது இரண்டுதான் நுழைகிறதென்றால், தாடை இறுகிக்கொண்டு வருகிறது. காலத்தில் காட்டினால் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் சோறு கஞ்சியாகி, கஞ்சி தண்ணீராகி, ஆகாரமே சுருங்கிவிடும்.

எடை கூடினால் சந்தோஷப்படலாமா? எப்போதும் அப்படியல்ல. மார்புப் புற்றிலிருந்து மீண்ட ஸ்திரீகளில் பலருக்கு எடை ஏறுவதே தொல்லை. அவர்களுக்கு நடையும் அளவான உணவுமே வேண்டியவை. ஆகையால்தான் ஊகம் போதாது, நோட்டுப் புத்தகம் வேண்டும் என்கிறோம்.

பத்தியமா, பட்டினியா?

நம் வீடுகளில் அன்பு மிகுதியானால் ஆகாரம் குறைந்துவிடும்! நோயாளி என்றதும் முட்டை கூடாது, பால் கூடாது, பருப்பு வாயு, நிலக்கடலை பித்தம், மீன் சூடு என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் ரசம் சோறும் இட்டிலியும் மிஞ்சுகின்றன. பட்டினி போட்டால் புற்று வாடிவிடும் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அதற்குச் சான்று கிடையாது. வாடுவது நோயாளியின் தசைதான்.

ஆகாரத்துக்கும் சரீர பலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய நாம் அயல் நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் நீலகிரியின் குன்னூரில்தான் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் என்னும் டாக்டர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல மாகாணத்து ஜனங்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாண உணவைத் தின்றவை பின்தங்கின. அந்த ஆராய்ச்சிசாலைதான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய போஷணை ஸ்தாபனமாக விளங்குகிறது. அரிசியின் மேல் நமக்குப் பகையில்லை. வெறும் அரிசியைக் கொண்டு இழந்த தசையை மீட்க முடியாது என்பதே பாடம்.

தசைக்கு வேண்டியது புரதம். வயது முதிர்ந்தவருக்கும் சிகிச்சையால் மெலிந்தவருக்கும், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரையிலாவது வேண்டும் என்பது நிபுணர்கள் அபிப்பிராயம். ஐம்பது கிலோ உள்ள ஆச்சிக்கு ஐம்பது முதல் அறுபது கிராம். கேட்டால் மலைப்பாயிருக்கும். கரிசல் காட்டு அடுக்களையிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம்: இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், இரண்டு டம்ளர் பாலில் 13, ஐம்பது கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, நாள் முழுவதும் உண்ணும் கால் கிலோ அரிசி அல்லது கம்பில் 20 அல்லது சற்று அதிகம். அறுபது கிராம் தாண்டிவிட்டது! முட்டை உண்ணாதவர் பாசிப் பயறும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம்.

பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் நம் முன்னோரே வழி செய்திருக்கிறார்கள். உளுந்தங்களி, கம்பங்கூழில் மோர், குழைய வெந்த பாசிப்பருப்பு, வேர்க்கடலையை அரைத்துச் சேர்த்த கஞ்சி எல்லாம் இருக்கின்றன. பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் இருந்து, நீரிழிவு இல்லாமலும் இருந்தால் அதுவும் தோதான பண்டமே. இரைப்பையை எடுத்தவர்கள் மூன்று வேளை ஆகாரத்தை ஆறு சிறு வேளைகளாகப் பங்கிட்டு உண்ண வேண்டும். மிகுந்த இனிப்பு அவர்களுக்கு ஒவ்வாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைந்துவிடும். கேட்டால் கொடுப்போம் என்று இராமல், வேளைக்கு வேளை தண்ணீரோ மோரோ கையில் கொடுக்க வேண்டும். தனியே உண்கிறவர் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார் என்பதையும் மறக்கலாகாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீடுகளில், ஒரு பெரியவருக்காக அடுப்பு மூட்டுவது எதற்கென்று காப்பியோடு படுத்துக்கொள்வோர் எத்தனை பேர்!

ஊரும் சர்க்காரும்

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழ்நாட்டு சர்க்கார் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் உடற்பயிற்சி வைத்தியமும் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதொன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அந்த ஊழியர் வாசலுக்கு வரும்போது மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். "எங்க அப்பாவுக்குக் கான்சர் வைத்தியம் நடந்திருக்கும்மா, ஆறு மாசத்திலே மூணு கிலோ குறைஞ்சிருக்காக" என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். கையில் கணக்கு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரிய ஆஸ்பத்திரியிலும் உங்கள் வார்த்தைக்கு எடை உண்டாகும்.

தென்காசிச் சீமைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிக்கும் பணி, பின்னர் ஊர் ஊராகப் பரவி, பக்கத்து வீட்டுக்காரர்களே பயிற்சி பெற்று நோயாளிகளைச் சென்று பார்க்கும் பெரிய இயக்கமாயிற்று. கடைக்காரரும் மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள். மலைக்கு அந்தப்புறம் முடிந்த காரியம் இந்தப்புறம் முடியாமற் போகுமா? திருவேங்கடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தராசு வாங்கி, மாதம் ஒரு நாள் பெரியவர்களை நிறுத்துக் குறித்துக் கொடுக்க நான்கு வாலிபர்கள் முன்வந்தால் போதும். செலவு அற்பம், பலன் பெரிது.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியவை அதிகமில்லை. மாத எடை, உண்ணும் அளவு குறைந்ததா, எத்தனை நாள் வாந்தி பேதி, புதிய வலி எங்கே, அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதி. புதிய கட்டி, இரத்தப் போக்கு, விழுங்குவதில் சிரமம், இரண்டு மூன்று வாரமாகியும் தீராத இருமல், குரல் மாற்றம், வலி இவற்றில் எது தோன்றினாலும் தேதிக்காகக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், செய்த சிகிச்சை, நடந்த ஆண்டு இவற்றை எழுதி வைத்தால், எந்த ஊர் டாக்டரும் ஒரு நிமிஷத்தில் விஷயத்தைத் தெரிந்துகொள்வார். மஞ்சள் பையை ஆணியிலிருந்து இறக்குவதற்கு இது நல்ல சந்தர்ப்பம்.

நம்மைத் தூக்கி வளர்த்தபோது நம் எடையைத் தோளிலே அறிந்தவர்கள் நம் பெற்றோர். அவர்களுடைய எடையை நாம் ஒரு காகிதத்திலாவது அறிந்திருக்க வேண்டாமா? இந்த மாதம் முதல் தேதியன்று தொடங்குங்கள், நேயர்களே!